குச்சியாக ஒன்று, பொட்டாக ஒன்று

மாடித்தோட்டக்காரர்களிடம் இப்போது இரண்டு செடிகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒன்று, நீல டிரம்மைப் பாதியாக அறுத்து அதில் வைத்த சீமை அத்தி. இன்னொன்று, மீனுக்கும் கோழிக்கும் என்று பக்கத்துத் தொட்டியில் விட்டுவைத்த வாத்துப்பாசி. அத்தியின் ஓர் இலையே விரித்த கையை மூடும். வாத்துப்பாசியோ நீர்மேல் தூவிய பச்சைப் பொட்டு. அதில் சில வகைகள் கடுகைவிடச் சின்னவை. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இவற்றை வளர்ப்பவர்களில் விதை போட்டு முளைக்கவைத்தவர் அநேகமாக யாருமில்லை. அத்தி வந்தது குச்சியாக. பாசி வந்தது, யாரோ பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு முடிந்து கொடுத்த நாலைந்து பொட்டாக.

அப்படியானால் உங்கள் வீட்டு அத்தி எப்போது பிறந்தது? வாங்கிய தேதியைச் சொல்ல முடியாது. அது வேறெங்கோ வேறெப்போதோ பிறந்த ஒரு மரத்தின் துண்டு. பாசியும் அப்படித்தான். அந்தப் பிறந்த இடத்தையும் விதத்தையும் தெரிந்துகொண்டால், எவ்வளவு தண்ணீர் விடுவது, உரம் எவ்வளவு, எப்போது வெட்டுவது என்கிற கேள்விகளுக்கு நர்சரிக்காரர் சொல்வதைவிடத் தெளிவான பதில் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் சொந்தபந்தம். அத்தி, முசுக்கொட்டைக் குடும்பம். ஆலும் அரசும் இச்சியும் அதன் உடன்பிறப்புகள். பலா ஒன்றுவிட்ட அண்ணன். வாத்துப்பாசியின் உறவைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்: சேம்பு, சேனை, ஆகாயத்தாமரை. சுமத்ராக் காடுகளில் ஆள் உயரத்தைத் தாண்டி ஒற்றைப் பூந்தண்டை நீட்டும் டைட்டன் ஆரம் அந்தக் குடும்பம்தான். உலகத்திலேயே மிகச் சிறிய பூக்கும் தாவரமான உல்ஃபியாவும் அந்தக் குடும்பம்தான். பாசி என்ற பெயரை நம்பி இதை வழுக்குப் பாசியோடு சேர்த்துவிடக் கூடாது. மாட்டுத் தீவனத்துக்காக வளர்க்கும் அசோலாவோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அசோலா பூக்காத பெரணி இனம். தன் இலைக்குள் ஒரு நுண்ணுயிரை வைத்துக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். வாத்துப்பாசிக்கு அந்த வசதி கிடையாது. இந்த ஒரு வேறுபாடு வளர்க்கும்போது பெரிய வேறுபாடாக வந்து நிற்கும், பிறகு சொல்கிறேன்.

எந்த அத்தி என்பதையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் வெறுமனே அத்தி என்றால் ஆற்றோரத்தில் நிற்கும் நாட்டு அத்தி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பிஞ்சைக் கூட்டு வைப்பார்கள், பட்டையை மருந்துக்கு எடுப்பார்கள். காஞ்சிபுரத்து அத்திவரதர் அத்தி மரத்தில் ஆனவர். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் இருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளச் செய்வார்கள். 2019-ல் ஜூலை 1 முதல் 48 நாள் ஊரே திரண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தது. டிரம்மில் நிற்பது அது இல்லை. அது ஃபைகஸ் கேரிகா, மேற்காசியாவிலும் மத்தியதரைக் கடலைச் சுற்றியும் பிறந்த மரம். நாட்டு மருந்துக் கடையில் தட்டையாக அமுங்கி, கயிற்றில் மாலையாகக் கோத்துத் தொங்கும் உலர்பழம் அதனுடையது. அந்த மாலைகள் பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகின்றன.

புதுப் பழம் ஒன்று கிடைத்தால் நெட்டுவாக்கில் அரிந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோல், அதை ஒட்டி ஒரு வெள்ளைச் சதை வளையம், அந்த வளையத்திலிருந்து நடுவை நோக்கி நெருக்கமாக நீளும் சிவந்த இழைகள். ஒவ்வோர் இழையும் ஒரு பூவாக இருந்தது. அதில் பல்லில் நறுக்கென்று படும் மணி ஒவ்வொன்றும் ஒரு தனிப் பழம். நாம் பழம் என்று சொல்வது நூற்றுக்கணக்கான பூக்களை உள்ளே வைத்து மூடிய ஒரு சதைப் பை. பலாவை ஒரு சட்டையைப் போல உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் அத்தி. அண்ணனுக்கும் தம்பிக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு கண் இருக்கும். சின்னச் சின்னச் செதில்கள் அடைத்துக்கொண்டிருக்கும் துளை. அந்தப் பைக்குள் போக வழி அது ஒன்றுதான்.

அந்த வழியாகப் போகத் தெரிந்த ஒரே உயிர், இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவி. சீமை அத்தியின் குளவிக்குப் பெயர் பிளாஸ்டோபாகா சீனஸ். நாட்டு அத்திக்கு வேறு குளவி, ஆலுக்கு வேறு. அத்திக் குலத்தில் 750-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு குளவியோ இரண்டோ இருக்கும். பெண் குளவி செதில்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உள்ளே நுழையும்போதே சிறகு பிய்ந்துவிடும். திரும்பி வர முடியாது. உள்ளே முட்டையிட்டு, கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்துவிட்டு அங்கேயே சாகும். குஞ்சுகளில் ஆணுக்குச் சிறகே கிடையாது. அது வெளியுலகத்தைப் பார்ப்பதும் அநேகமாகக் கிடையாது; பெண் வெளியேறுவதற்கு முன்பே கூடி, வழி குடைந்து கொடுத்துவிட்டு முடிந்துபோகும். பெண் மகரந்தம் பூசிக்கொண்டு வெளியே வந்து அடுத்த காயைத் தேடும். அதற்கு இருக்கும் ஆயுள் ஓரிரண்டு நாள்.

அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் பூச்சி என்று பாட்டிமார் சொன்னது நாட்டு அத்தியைப் பற்றி. ஒரே பழத்தில் விதையும் உண்டு, குளவியும் உண்டு. பழுத்ததைப் பிளந்தால் பூச்சி எழும்பிப் பறக்கும். இல்லற சமணர்கள் அத்தி, ஆல், அரசு முதலான ஐந்து மரங்களின் பழங்களை விலக்கிவைத்ததும் இதனால்தான். உள்ளே உயிர் இருக்கிறது என்பதை அவர்கள் நூலைப் பார்த்தல்ல, பழத்தைப் பார்த்தே கண்டிருப்பார்கள்.

சீமை அத்தி வேறு ஏற்பாடு செய்துகொண்டது. அதில் இரண்டு வகை மரம். ஒன்று காட்டத்தி: அதன் பூக்களுக்குச் சூல்தண்டு குட்டை, குளவியின் முட்டைக்குழல் அடிவரை எட்டும், குளவி வளரும், பழம் சப்பென்றிருக்கும். மற்றது நாம் உண்ணும் அத்தி: அதில் சூல்தண்டு நீளம். தப்பி இதற்குள் நுழைந்த குளவி குழலை நீட்டி நீட்டிப் பார்க்கும், எட்டாது. மகரந்தம் மட்டும் சேரும், விதை பிடிக்கும், குளவி சந்ததியில்லாமல் சாகும். குளவியின் பார்வையில் இது சுத்த மோசடி. மரத்துக்கு இது பிழைப்பு.

இதற்கு நடுவே மூன்றாவதாக ஒரு வகை பிறந்தது. குளவி வராமலே, மகரந்தம் படாமலே, பை தானாகப் பருத்துப் பழுத்துவிடும் மரம். ஒரு பிறழ்ச்சி. உள்ளே இருக்கும் மணிகள் பதர், போட்டால் முளைக்காது. காட்டில் இப்படிப்பட்ட மரம் தன் வம்சத்தை வளர்க்க முடியாது, அதோடு முடிந்துபோகும். யாராவது அதன் கிளையை ஒடித்து வேறிடத்தில் ஊன்றினால் உண்டு.

யாரோ ஊன்றினார்கள். ஜோர்டான் பள்ளத்தாக்கில் எரிகோ ஊருக்கு அருகே கில்கால் என்ற கற்கால ஊரில், கருகிய நிலையில் ஒன்பது சிறிய அத்திப்பழங்கள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 11,400 ஆண்டு. இவை குளவியில்லாமல் பழுக்கும் வகை, ஆகவே மனிதர் குச்சி வைத்து வளர்த்தவை என்று மொர்தெகாய் கிஸ்லேவ், அனத் ஹார்ட்மன், ஒஃபர் பார்-யோசஃப் மூவரும் 2006-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அது சரியென்றால் கோதுமையும் பார்லியும் வீட்டுப் பயிராவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முன்பே அத்தி வீட்டு மரமாகிவிட்டது. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, அப்படிப்பட்ட பழங்கள் காட்டு மரங்களிலும் கிடைக்கக்கூடும் என்று மறுத்தவர்கள் உண்டு. எனக்கு மூவர் சொல்வது நம்பத்தக்கதாகவே படுகிறது. ஈரமண்ணில் குத்திவைத்த அத்திக் குச்சி எவ்வளவு எளிதில் வேர்விடும் என்று பார்த்தவர்களுக்கு, கற்கால மனிதர் அதைக் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று நினைப்பதுதான் கஷ்டம்.

ஆனால் எல்லாச் சீமை அத்தியும் அந்த மூன்றாம் வகை இல்லை. இதை அமெரிக்கர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். துருக்கியின் ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) துறைமுகத்திலிருந்து வந்த உலர் அத்தியின் சுவை கலிபோர்னியாவில் விளைந்ததற்கு இல்லை. 1880-களில் அங்குள்ள ஒரு செய்தித்தாள் நிறுவனம் ஆயிரக்கணக்கில் ஸ்மிர்னா குச்சிகளைக் கப்பலில் வரவழைத்துப் பரப்பியது. குச்சிகள் வேர்விட்டன, மரமாயின, காய்த்தன. காய் கோலிக்குண்டு அளவு வந்ததும் உதிர்ந்தது. அடுத்த ஆண்டும் அப்படியே. துருக்கிக்காரன் மட்டமான குச்சியைத் தள்ளிவிட்டு ஏமாற்றிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. குளவி இல்லாததுதான் காரணம் என்று சுவீடனிலிருந்து வந்து குடியேறிய கஸ்டாவ் ஐசன் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஃபிரெஸ்னோ ஊரில் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ரோடிங், காட்டத்தி மகரந்தத்தைக் கையால் எடுத்துக் கண் வழியே காய்க்குள் செலுத்திப் பார்த்தார். செலுத்திய காய்கள் பழுத்தன. 1899-ல் அமெரிக்க வேளாண் துறையின் வால்டர் ஸ்விங்கிள், அல்ஜீரியாவிலிருந்து குளவி குடியிருந்த காட்டத்திக் காய்களை ஈயத்தாளில் சுற்றிப் பெட்டி பெட்டியாக அனுப்பினார். அந்தக் குளவி ரோடிங் தோட்டத்தில் நிலைத்தது. கலிபோர்னியாவையும் ஸ்மிர்னாவையும் சேர்த்து அந்த அத்திக்குக் காலிமிர்னா என்று பெயர் வைத்தார்கள். இத்தனைக்கும் காட்டத்திக் காயைத் தோட்டத்து மரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தையும், அதிலிருந்து வரும் பூச்சியையும், 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் தியோஃபிராஸ்டஸும் எழுதிவைத்திருந்தார்கள்.

நம் பக்கத்து நர்சரிகளில் கிடைப்பவை, பூனா அத்தியானாலும் தியானா ஆனாலும், குளவி வேண்டாத வகை. புனே மாவட்டத்துப் புரந்தர் வட்டாரத்தில் ஏக்கர் ஏக்கராக நிற்பது பூனா அத்திதான்; அங்கே மழைக்காலப் பழத்தைக் கட்டா பஹார் என்றும் கோடைப் பழத்தை மீட்டா பஹார் என்றும் பிரித்துச் சொல்வார்கள், கோடைப் பழத்துக்குத்தான் மவுசு. அத்தி சாப்பிட்டால் பூச்சியைச் சாப்பிட்டதாகிவிடுமா என்று கேட்கும் சைவ நண்பர்களுக்கு இங்கே பதில் இருக்கிறது: உங்கள் மாடியில் பழுக்கும் அத்தி குளவியையே பார்த்திருக்காது. பல்லில் படுவது மணி.

இனி பாசி. அத்தியின் கதை கூட்டிக்கொண்டு போனவனின் கதை என்றால், பாசியின் கதை கழித்துக்கொண்டே போனவனின் கதை. வேரும் தண்டும் இலையும் கிழங்குமாக இருந்த ஒரு சேம்பு வம்சத்து மூதாதை நீரில் மிதக்கப் பழகியது. மிதப்பவனுக்குத் தண்டு எதற்கு, விட்டுவிடு. இலை எதற்கு, நாலு பக்கமும் வெளிச்சம் இருக்கிறது. ஒரு தட்டு போதும். இந்தக் கழித்தலின் படிகளை இன்றும் அருகருகே பார்க்கலாம். ஸ்பைரோடெலா: சுண்டுவிரல் நகம் அளவு, அடியில் ஒரு கொத்து வேர். லெம்னா: அதைவிடச் சின்னது, ஒரே ஒரு வேர். உல்ஃபியா: வேரே இல்லை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பச்சைக் குருணை, கையில் அள்ளினால் ரவையாக நெருடும். ஸ்பைரோடெலாவின் மரபணுத் தொகுதியை 2014-ல் படித்து முடித்தபோது அதில் மரபணுக்கள் 20,000-க்கும் குறைவு என்று தெரிந்தது. நெல்லுக்கு அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அது பெருகும் விதம்தான் பார்க்கத் தக்கது. லெம்னாவில் ஒரு பொட்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டுப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், ஓரத்தில் ஒரு பை வாய் திறந்து அதிலிருந்து குட்டிப் பொட்டு எட்டிப் பார்ப்பது தெரியும். அந்தக் குட்டி தாயைவிட்டுப் பிரிவதற்குள் அதன் பைக்குள்ளும் பேத்தி உருவாகிக்கொண்டிருக்கும். ஒரு தாய் சில வாரங்கள் இருந்து, பத்துப் பன்னிரண்டு குட்டிகளைவிட்டு, வெளுத்துச் சாகும். கடைசியில் பிறந்த குட்டிகள் சிறுத்திருக்கும், ஆயுளும் குறைவு. இவற்றில் வேகத்துக்குப் பெயர்போனது நம் நாட்டு உல்ஃபியா மைக்ரோஸ்கோபிகா. கேரள மத்தியப் பல்கலைக்கழகத்தின் சௌஜன்யா ஸ்ரீயும் ஜெர்மனியின் கிளவுஸ் ஆப்பன்ராத்தும் உடன் உழைத்தவர்களும் 2015-ல் வெளியிட்ட அளவீட்டின்படி அது 30 மணி நேரத்துக்கும் குறைவில் இரட்டிக்கிறது. பூக்கும் தாவரங்களில் இதை மிஞ்சியது கிடையாது. ஆய்வகத்தில் வேண்டியதெல்லாம் கொடுத்தால், பதின்மூன்று நாளில் ஒன்று ஆயிரமாகும் கணக்கு அது.

எல்லாமே அசல் தாயின் நகல்கள். பூப்பது அபூர்வம். அத்தி பூத்தாற்போல என்று எப்போதாவது வருகிறவர்களைச் சொல்கிறோமே, உண்மையில் அந்தப் பேர் பாசிக்குத்தான் பொருந்தும். அத்தி உள்ளே பூத்துக்கொண்டேதான் இருக்கிறது. உல்ஃபியா பூத்தால் முதுகில் ஒரு குழி, குழிக்குள் ஒரு மகரந்தத் தாள், ஒரு சூல்பை, அவ்வளவுதான். அதிலிருந்து வரும் காய் உலகத்திலேயே சிறிய காய். இந்தப் பூவைப் பூக்கவைக்கத் தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறையே உழைத்தது. சதீஷ் மகேஸ்வரி 1950-களில் லெம்னாவின் கருவையும் முளைசூழ்தசையையும் வெட்டிப் பார்த்து, இது சேம்புக் குடும்பத்தை ஒட்டியது என்று எழுதினார். மரபணு ஆய்வு வந்து பிறகு அதை உறுதிசெய்தது. 1963-ல் அவரும் சௌஹானும் உல்ஃபியா மைக்ரோஸ்கோபிகாவை ஆய்வகக் குடுவையில் விரும்பியபடி பூக்கவைத்த விதத்தை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் சார்லஸ் கிளீலண்ட், அசுவினி கழிக்கும் தேன்துளியிலிருந்து பிரித்த சாலிசிலிக் அமிலம் லெம்னாவைப் பூக்கவைப்பதைக் கண்டார். ஆஸ்பிரின் மாத்திரையின் நெருங்கிய உறவு அது. செடிகளுக்குள் அது ஒரு தகவல் பொருள் என்ற ஆராய்ச்சி வளர்ந்ததில் இந்தப் பொட்டுக்குப் பங்கு உண்டு.

சூரிச்சில் இருந்த எலியாஸ் லாண்டோல்ட் உலகமெங்கும் குளம் குட்டையெல்லாம் அலைந்து வாத்துப்பாசிகளைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குடுவையில் உயிரோடு வளர்த்தார். விதையாக எடுத்துவைக்க வழியில்லையே. நகலெடுத்து நகலெடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். தாய்லாந்துக்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் உல்ஃபியாவை கை நாம் என்று அழைத்துத் தலைமுறை தலைமுறையாகக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். வங்கதேசத்தின் மிர்சாபூரில் குமுதினி மருத்துவமனை வளாகத்துக் கழிவுநீரை 1990-களில் வளைந்து வளைந்து போகும் நீண்ட குளத்தில் விட்டு, அதில் வாத்துப்பாசி வளர்த்து, அறுத்த பாசியைப் பக்கத்துக் குளத்துக் கெண்டை மீனுக்குப் போட்டார்கள். அதை நடத்தியவர்களின் அனுபவத்தை உலக வங்கி 1993-ல் புத்தகமாகவே வெளியிட்டது.

இப்போது வளர்ப்புக்கு வரலாம். அத்தி பிறந்தது சுண்ணாம்புப் பாறை இடுக்கில், நீண்ட வறண்ட கோடையில். பாசி பிறந்தது தேங்கிய, சத்து ஊறிய நீரில். ஒன்று பற்றாக்குறைக்குப் பழகியது, மற்றது மிதமிஞ்சிய விருந்துக்கு. மாடித்தோட்டத்தில் நடக்கும் தவறுகளில் பாதி, பாசிக்குச் செய்ய வேண்டியதை அத்திக்குச் செய்வது.

பாசமாக வளர்க்கிறேன் என்று தினம் இரண்டு வேளை தண்ணீரும் வாரம் ஒரு கரைசலும் கொடுத்தால் அத்தி தழைத்துத் தள்ளும். இலை இலையாக வரும், காய் வராது. தழைச்சத்து மிகுந்த அத்திக்குக் காய்க்க அவசரமில்லை. செம்மண், மணல், மட்கிய தொழுவுரம், அடியில் தாராளமாகத் துளை. மேல்மண் விரலுக்குக் காய்ந்தால் நன்றாக நனைய ஊற்றிவிட்டு மறுபடி காயும்வரை சும்மா இருப்பது. சுக்கான் கலந்த மண்ணில் பல செடிகள் முரண்டு பிடிக்கும், அத்தி தாங்கும். காய் பழுக்கும் நேரத்தில் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் பழம் வெடிக்கும். வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேராகப் பட வேண்டும். நிழலில் வைத்துவிட்டு உரக்கடைக்கு நடக்காதீர்கள்.

கவாத்து கட்டாயம். முக்கியக் காய்ப்பு புதுத் தளிரில் வருகிறது, ஆகவே பழைய கிளையைக் காப்பாற்றி வைப்பதில் லாபமில்லை. இந்த மரத்துக்குச் சொந்த ஊரில் குளிர்காலம் இருந்தது, இலையுதிர்த்து ஓய்வெடுத்தது. சமவெளித் தமிழ்நாட்டில் அந்த ஓய்வை நாம் கத்தரிக்கோலால்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. வெட்டும்போது வடியும் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போடும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டியதில் பென்சில் பருமனுள்ள, நாலு கணுவாவது இருக்கும் துண்டுகள் அடுத்த மரங்கள். வேர்முடிச்சு நூற்புழு உள்ள மண்ணில் மட்டும் அவற்றை வைக்காதீர்கள், அத்திக்கு அது தீராத தொல்லை. வடகிழக்குப் பருவமழையில் இலையின் அடியில் செங்கல் தூள் அப்பியது போல் வந்தால் அது துரு நோய். பட்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, தலையில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்த வேண்டும். முற்றினால் ஒரே வாரத்தில் மரத்தை மொட்டையடித்துவிடும். இன்னொன்று: அத்தி பறித்தபின் பழுக்காது. காய் தலை தொங்கி, கழுத்து துவண்ட பிறகே பறிக்க வேண்டும். அதுவரை அணிலும் மைனாவும் பொறுக்காது என்பதால் ஒரு வலைத்துணிப் பை.

பாசிக்கு எல்லாமே தலைகீழ். அசோலாவைப் போலத் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளாது என்றேன். நாம்தான் ஊட்ட வேண்டும். வடிகட்டிய சாணக்கரைசலோ, மீன்தொட்டியில் மாற்றிய அழுக்குத் தண்ணீரோ போதும். நல்ல தண்ணீரில் விட்டால் வெளுத்து, வேரை நீட்டி நீட்டிச் சத்தைத் தேடும். நீண்ட வேர் பசியின் அடையாளம். சில்பாலின் விரித்த ஒரு முழ ஆழக் குழியே தாராளம். நீர் அசையக் கூடாது. மோட்டார் தண்ணீர் நேராக விழும் இடத்தில் பாசி நிற்காது. சித்திரை வெயிலில் நீர் சுடும்போது வெந்துபோகும், பச்சை நிழல்வலை கட்ட வேண்டும். ஸ்பைரோடெலாவுக்கு ஒரு தற்காப்பு உண்டு: சத்தோ வெப்பமோ குறைந்தால் மாவுச்சத்து நிறைந்த கரும்பச்சைக் குருத்துகளை உருவாக்கி அடியில் இறக்கிவிடும், நல்ல காலம் வந்ததும் அவை மேலே வரும். மிதந்ததெல்லாம் போய்விட்டதே என்று தொட்டியைக் கழுவிக் கொட்டுவதற்குமுன் அடிச் சேற்றைக் கொஞ்சம் பாருங்கள்.

ஆனால் பாசி வளர்ப்பில் முக்கியமான வேலை அள்ளுவது. மேற்பரப்பு மூடிவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கீழே சிக்கியது மஞ்சளாகி அழுகும். தண்ணீருக்குள் காற்று போகாது, மீன் வாய் பிளக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியை வழித்து எடுத்துவிட வேண்டும், ஒரு டீ வடிகட்டி போதும். எடுத்தால்தான் மீதி வளரும். நல்ல சத்துள்ள நீரில் வளர்ந்த பாசியின் காய்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். ஆனால் பச்சையாக அள்ளியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் தண்ணீர்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கோழிக்கு மற்றத் தீவனத்தைக் குறைக்க வேண்டும். காட்மியம், ஈயம் போன்றவற்றையும் அதே ஆசையோடு உறிஞ்சும் செடி இது. பட்டறைக் கழிவும் சாயப்பட்டறை நீரும் கலக்கும் வாய்க்காலிலிருந்து எடுத்த பாசியை வாய்வைக்கும் எந்த உயிருக்கும் போடாதீர்கள்.

நேரமில்லாதவர்கள் அத்தியை மட்டும் வையுங்கள். ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் தாங்கும். பாசி, வீட்டில் கோழியோ மீனோ இருப்பவர்களுக்கு. இரண்டும் இருந்தால் ஒரு சௌகரியம் உண்டு: மிஞ்சிய பாசியை வெயிலில் சருகாகக் காயவைத்து, அத்தியின் தூரில் தண்டை ஒட்டாமல் மெல்லிய மூடாக்காகப் பரப்பலாம். மெல்லியதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், அதில் இருப்பதும் தழைச்சத்துதான். எவ்வளவு மிஞ்சினாலும் பக்கத்து ஏரியிலோ கோயில் குளத்திலோ மட்டும் கொட்டிவிடாதீர்கள். அங்கே அதை வழித்து எடுக்க ஆள் கிடையாது.